அந்தக் கரண்ட் வேறு, இந்தக் கரண்ட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2013-ல் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனுக்குப் பிறகு 25 நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வார்டில் நாங்கள் யாரும் அதைக் கதிர்வீச்சு என்று சொன்னதில்லை. ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்வோம். நோய் குணமானது. மறுபடி மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தேன்.

ஏழு வருடம் கழித்து இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தன. அப்புறம் தோளிலிருந்து விரல் நுனி வரை சுரீர் சுரீரென்று வலி. தைக்கும்போது துணியைப் பிடித்து நகர்த்துவது அந்தக் கைதான். ஒரு மருத்துவமனையில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டார்கள். எட்டு மாதம் வீணாய்ப் போனது. பழைய சிகிச்சையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் எம்ஆர்ஐ எடுத்து, நோய் திரும்பவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். அன்று பட்ட கதிரால், கைக்குப் போகும் நரம்புக் கற்றையைச் சுற்றித் தழும்பு இறுகியிருக்கிறது, பல வருடம் கழித்தும் இப்படி வரலாம் என்றார். ப்ரீகாபலின் மாத்திரையில் வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் தலை கிறுகிறுத்து ஊசிமுனை இரண்டாகத் தெரிந்தது.

பிசியோதெரபி பிரிவில் இருந்த பெண், ‘டென்ஸ்’ என்ற கையடக்கக் கருவியைக் காட்டி, “லேசா கரண்ட் வச்சுப் பார்க்கலாம்மா” என்றதும் எழுந்து வந்துவிட்டேன். கரண்ட் வைத்து வந்த வலிக்கு மறுபடியும் கரண்டா? ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வலி தாங்காமல் திரும்பப் போனபோதுதான் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன். அது கதிர் இல்லை, பாட்டரியில் ஓடும் சின்ன மின்துடிப்பு. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவோம் இல்லையா, அதுபோல இந்த உணர்ச்சி தண்டுவடத்தில் வலி நுழையும் வாசலைச் சாத்தப் பார்க்குமாம். 1965-லேயே மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தந்த விளக்கம் இது.

இப்போது தினமும் அவர் மையால் குறித்துக் காட்டிய இடத்தில் அந்தக் கருவியின் ஒட்டுப்பட்டையை ஒட்டி அரை மணி நேரம் வைக்கிறேன். வலி அடியோடு போகவில்லை, விரலில் வலுவும் திரும்பவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் நிம்மதியாகத் தைக்க முடிகிறது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். என்னோடு வந்த ஒரு அக்காவுக்குக் கேட்கவில்லை. தயவுசெய்து யாரும் கடையில் வாங்கித் தாமாக ஒட்டிக்கொள்ள வேண்டாம். மரத்துப்போன தோல், கதிர் பட்டுப் புண்ணான இடம், கழுத்தின் முன்பக்கம், கட்டி இருக்கும் இடம் எதிலும் ஒட்டக்கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவருக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்கு இந்தக் கை வலியை அடையாளம் காணவும் சொல்லிக்கொடுத்து, மருத்துவர் சரி என்றால் கருவியை ஒரு மாதம் இரவலாகத் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். அதோடு, கதிர்வீச்சு முடிந்து அனுப்பும் சீட்டில் தமிழில் இரண்டு வரி அச்சடியுங்கள்: பல வருடம் கழித்துக் கை மரத்தாலும் வலித்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், முன்பு கரண்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள் என்று.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
திண்டுக்கல்.