பெயர் தெரியாத ரேஸ் கார்ட்: கல்லாற்று மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மருமகன்,

படங்கள் கிடைத்தன. ஸ்டிக்கரும் இல்லை, தகடும் இல்லை, இந்த ரேஸ் கார்ட், அதாவது கூரையில்லாத சின்ன நாற்சக்கர ரேஸ் வண்டி, எந்தக் கம்பனியுடையது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வண்டி ஓடும். சாமான் எடுப்பதற்குப் பெயர் வேண்டாம், அளவு வேண்டும். அதனால் மணலை வேகமாக அடித்துத் துருவும் பெயின்டும் எடுக்கும் யோசனை இருந்தால் இப்போதைக்கு விடுங்கள். பின் அச்சின் பெயாரிங் தாங்கி, பின் குறுக்குக் குழாய் போன்ற இடங்களில் இலக்கம் குத்தியிருக்கலாம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். மணல் பட்டால் குத்திய இலக்கம் மங்கும், அடிப் பெயின்டின் நிறமும் போய்விடும்.

பிள்ளைகளுக்கு இங்கேதான் வேலை. மூத்தவள் வேர்னியர் அளவியால் அளக்கட்டும், சின்னவன் கொப்பியில் எழுதட்டும். கழற்றும் நட்டு, போல்ட்டை யோகட் கோப்பைகளில் போட்டுப் பெயர் ஒட்டட்டும்.

பின் அச்சு 25 மில்லிமீற்றர் திட இரும்பு என்றால் வண்டி பெரும்பாலும் பழையது. 40, 50 மில்லிமீற்றர் குழாய் அச்சு பிந்தியது. செயினில் பத்து இடைவெளியை அளந்தால் 78 மில்லிமீற்றரை ஒட்டி வருவது 219 என்ற செயின் வகை, 95 வருவது 35, 127 வருவது 428. மோட்டார் சைக்கிள் கடையில் 428தான் எடுத்துத் தருவார்கள். 219, 35 பல்லில் அது ஏறாது. சக்கரத்தைப் பிடிக்கும் மூன்று போல்ட்டில் இரண்டின் நடுவுக்கு நடு அளந்து 1.155ஆல் பெருக்குங்கள். 50.2க்கு 58 வரும், அது ஐரோப்பிய வண்டிகளின் வழக்கமான அளவு. எல்லாமே அங்குலக் கணக்கில் சரியாக உட்கார்ந்தால் அமெரிக்கா பக்கம் தேடலாம்.

எஞ்சினைப் பார்க்குமுன் சட்டத்தை, அதாவது வண்டியின் குழாய்க் கூட்டை, பாருங்கள். கார்ட்டுக்கு ஸ்பிரிங்கும் இல்லை, வளைவில் இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷலும் இல்லை. இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியவை. வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் கொஞ்சம் தூக்கினால்தான் வண்டி திரும்பும். அந்தத் தூக்கலை முன் சக்கரம் திரும்பும் போல்ட்டின் சாய்வும் சட்டத்தின் முறுக்கும் சேர்ந்து தருகின்றன. ஆகவே வெல்டிங் கடைக்காரர் "பலமாக இருக்கட்டும்" என்று மூலைக்கு மூலை தகடு வைத்தால் தடுத்துவிடுங்கள். சட்டம் விறைத்தால் வண்டி வளைவில் துள்ளும், தகட்டின் ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு வரும்.

இருக்கையும் எஞ்சினும் ஒரு பக்கமாக இருப்பதால் சட்டம் இரு பக்கமும் ஒரே மாதிரி இராது. மூலைவிட்டம் அளந்து பயப்பட வேண்டாம். முன் சக்கரம் திரும்பும் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவுக்கு இரு பக்கமும் நேராக அளவுங்கள். 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் வளைந்திருக்கிறது. முறுக்குப் பார்க்க மில்லின் நெல் காயவைக்கும் தளம் உதவாது, அது தண்ணீர் வடியச் சரித்துப் போட்டது. மேசனின் தண்ணிக் குழாய் மட்டத்தால் நான்கு மூலையின் உயரத்தையும் பாருங்கள்.

வெடிப்புக்கு, மூட்டுகளில் மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் ஈரக்கோடு எழும். இருக்கைத் தாங்கி, பெயாரிங் தாங்கி, ஸ்டியரிங் அடி மூன்றும் முக்கியம். சட்டத்தின் அடிப்பக்கம் தரையில் உரசித் தட்டையாகியிருந்தால் அங்கே குழாய் மெலிந்திருக்கும். ஒட்டுவது டிக் (TIG) வெல்டிங்கில்தான். ஆர்க் குச்சி மெல்லிய குழாயைத் துளைத்துவிடும். ஒட்டிய சூட்டில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

கல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ரிம்மிலும் ஹப்பிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது மக்னீசியமாக இருக்கலாம். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். உடனே நுரைத்தால் மக்னீசியம், அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத்தைக் கிரைண்டரில் பிடிக்கவே வேண்டாம். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் அதை இன்னும் மூட்டும், உலர்ந்த மணல்தான் போட வேண்டும். இரு துண்டு ரிம் என்றால் காற்றை முழுக்க இறக்கிய பிறகே போல்ட்டைத் தொடுங்கள்.

எஞ்சின் இறுகியிருந்தால் செயினைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். சிலிண்டர் விட்டம் × விட்டம் × பிஸ்டன் ஓட்டம் × 0.7854, ஆயிரத்தால் பிரித்தால் சீசீ. விட்டம் 52, ஓட்டம் 46 மில்லிமீற்றர் என்று வந்தால் 97.7. அப்படியானால் முதலில் யமஹா கேடி100 (KT100) எஞ்சினைத்தான் சந்தேகிப்பேன். கிராங் தண்டின் இரு பக்கமும் காற்றை அடைக்கும் சீல் இரண்டையும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரத்தையும் பார்க்காமலே மாற்றுங்கள். காய்ந்த சீல் வழியாகக் காற்று புகுந்தால் பெற்றோல் கலவை மெலிந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். இந்த வேலைக்கு மோட்டார் சைக்கிள் கராச்சை விட, கரையில் போட் எஞ்சின் திருத்துபவர் பொருத்தம், டூ ஸ்ட்ரோக் அவருக்கு அன்றாடம். ஆனால் அவரிடம் எண்ணெய் வாங்க வேண்டாம். போட் எண்ணெய் தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, காற்றில் குளிரும் கார்ட்டின் சூட்டைத் தாங்காது. ரேஸிங் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் 5 லீற்றர் பெற்றோலுக்கு 250 மில்லிலீற்றர்.

பழைய 100 சீசீ வண்டிகள் பலவற்றில் கிளச் இல்லை. எஞ்சின் ஸ்டார்ட்டான நொடியே வண்டி பாயும். செயின் மூடி, ஆக்சிலேட்டரைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங், கைக்கெட்டும் நிறுத்து சுவிட்ச், பின் பிரேக் நான்கும் சரியாகும் வரை பிள்ளைகளை இருக்கையில் வைத்துத் தள்ளக்கூட வேண்டாம். கல்முனை றோட்டில் ஏற்றும் ஆசையும் வேண்டாம்.

ரயர் இன்னும் வாங்காதீர்கள். ரிம்மின் விட்டமும் உள் அகலமும், பின் அச்சின் அளவும், பெயாரிங் இரண்டா மூன்றா என்பதும் எழுதி அனுப்புங்கள். எஞ்சின் படத்தை அடிப்பக்கத்திலிருந்தும் எடுங்கள்.

அன்புடன்,
மாமா