திரையை நம்பும் முன் பல்லைத் தொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி வழிகாட்ட பல் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) பொருத்தும் முறை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் கருவியைப் பயன்படுத்தும் பல் மருத்துவன் நான். பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால், இனி கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பில் டிரில் படுமோ என்ற பயமே வேண்டாம் என்று முடித்திருந்தது உறுத்தியது.

துளையிடும்போது நாங்கள் திரையில் பார்ப்பது அந்த நேரத்து எலும்பை அல்ல, முன்பே எடுத்து வைத்த கோன் பீம் சிடி ஸ்கேனை, அதாவது தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே படத்தை. நோயாளியின் தாடையில் ஓர் அடையாளத் தகடும், துளையிடும் கைக்கருவியில் இன்னொன்றும் இருக்கும். கேமராக்களுக்குத் தெரிவது இந்த இரண்டும்தான். அவற்றின் இடத்தையும் சாய்வையும் கணக்கிட்டு, ஸ்கேன் படத்தின் மேல் டிரில்லின் நுனியைக் கணினி வரைந்து காட்டுகிறது.

உதவியாளரின் கை கேமராவை மறைத்தால் படம் நின்றுவிடும், நாங்களும் நிறுத்திவிடுவோம். தாடையில் மாட்டிய தகடு கொஞ்சம் நகர்ந்துவிட்டாலோ கணினிக்கு அது தெரியாது. அதே தெளிவோடு தவறான இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

எனக்கே ஒருமுறை இது நடந்தது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பகுதியில் முதல் டிரில் முடிந்து இரண்டாவதை மாட்டியிருந்தேன். வழக்கம்போலப் பக்கத்துப் பல்லின் மேட்டில் நுனியை வைத்தேன். டிரில் பல்லின் மேல்தான் இருந்தது, திரையில் மட்டும் பல்லை விட்டு விலகி நின்றது. தகட்டைச் சரியாக மாட்டி, படத்தையும் தாடையையும் மறுபடி பொருத்திய பிறகே தொடர்ந்தேன். தொட்டுப் பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். கீழ்த்தாடைக்குள் ஓடும் அந்த நரம்பு அடிபட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். வாயோரம் தண்ணீர் வழிவதுகூட நோயாளிக்குத் தெரியாது. சிலருக்கு அது சரியாவதே இல்லை.

ஆய்வுகளில் இந்த முறையில் திட்டமிட்ட இடத்திலிருந்து சராசரி விலகல் சுமார் 1 மி.மீ., சாய்வில் 3, 4 டிகிரி. வெறும் கையால் செய்வதைவிட இது நிச்சயம் மேல். ஆனாலும் சராசரிதானே, சிலருக்குக் கூடுதலாகவும் போகும். அதனால்தான் நரம்புக்கு மேல் 2 மி.மீ. இடைவெளி விட்டுத் திட்டமிடுகிறோம். கருவி இருக்கிறது என்பதற்காக அந்த இடைவெளியில் கை வைக்கக் கூடாது.

கருவியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. கேமராவுக்குப் பதிலாக, டிரில் போக வேண்டிய துளையோடு அச்சிட்ட வழிகாட்டி அச்சைப் பற்களின் மேல் மாட்டினால், வாய் அகலமாகத் திறக்காதவர்களுக்கு டிரில் உள்ளே போகவே சிரமம். குளிர்விக்கும் நீரும் சரியாக இறங்காது. எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நின்றாலே செல்கள் பாதிக்கப்படும். கேமரா முறையில் இந்தத் தடைகள் குறைவு, நடுவில் திட்டத்தை மாற்றவும் முடியும்.

பற்களே இல்லாதவர்களுக்குத் தொட்டுப் பார்க்கப் பல் இருக்காது. ஸ்கேனுக்கு முன்பே எலும்பில் சில சிறு திருகுகளைப் பதித்து, அவற்றைத் தொட்டுச் சரிபார்க்கலாம்.

இம்பிளான்ட்டுக்குப் போகும் வாசகர்கள் தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், ஒவ்வொரு டிரில் மாற்றும்போதும் தொட்டுப் பார்ப்பீர்களா?" அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியைக் கட்டம் கட்டிப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்