ஜிம் வார்டுக்கு: நீங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்?

அன்புள்ள ஜிம் வார்ட்,

உங்களுக்குத் தமிழ் தெரியாது, இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரப்போவதும் இல்லை. ஆனாலும் உங்கள் பெயரைப் போட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 2016 மார்ச்சில் உலகச் சுற்றுப்பயணம் தொடங்குகிற நேரம் பார்த்து நீங்கள் கிட்டார் வாசித்துப் பாடிய அமெரிக்க ராக் குழுவான அட் த டிரைவ்-இன்னில் நீங்கள் இல்லை என்று செய்தி வந்தபோது, நண்பர்கள் மத்தியில் உங்களை மிகவும் கடுமையாகப் பேசினேன். "இவருக்கு இதே வேலை, பாதிப் பந்தியில் எழுந்து போகிற ஆள்" என்றேன். அது தப்பு. தப்பு என்று புரிய எனக்குச் சில வருடங்களும் ஓர் ஆல்பமும் தேவைப்பட்டன.

முதலில் உங்களை எப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2003, கல்லூரி விடுதி. அறையைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு சீனியர் மேசை இழுப்பறையில் காப்பி அடித்த சிடி ஒன்றை விட்டுப் போயிருந்தார். அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் உங்கள் குழுப் பெயரின் சுருக்கம், ஏடிடிஐ என்று நான்கு எழுத்து, அவ்வளவுதான். பாட்டுப் பெயர் இல்லை, அட்டை இல்லை. என்னிடம் இருந்த ஹெட்போனில் ஒரு காது செத்துப்போயிருந்தது. அதிலேயே மூன்று மாதம் தினமும் கேட்டேன். அப்புறம் புது ஹெட்போன் வாங்கி முதல் பாட்டைப் போட்டால், இதுவரை இல்லாத ஒரு கிட்டார் மறுபக்கத்திலிருந்து முளைக்கிறது! ஒன்று கீறிக்கொண்டு ஓட, இன்னொன்று அதன் குறுக்கே வந்து விழுந்து, இரண்டும் சண்டை போடுகிற மாதிரி இருந்து சட்டென்று ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கிறது. மூன்று மாதமாக நான் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மறுபக்கத்துக் கிட்டார் உங்களுடையதா, குழுவின் இன்னொரு கிட்டார்காரரான ஒமாருடையதா என்றெல்லாம் அன்று தெரியாது. இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் இல்லாவிட்டால் பாட்டு பாதியாகிவிடுகிறது, அது மட்டும் மனதில் பதிந்தது.

அந்த சிடி, 2000 செப்டம்பரில் வந்த ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட். உங்கள் குழுவின் மூன்றாவது முழு ஆல்பம், பழைய ஐந்து பேர் சேர்ந்து செய்த கடைசி ஆல்பமும் அதுதான். நான் கதையின் கடைசிப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தவன்.

பின்னோக்கிப் போகப் போகத்தான் எல் பாஸோ என்ற ஊர் எனக்குப் பிடிபட்டது. டெக்சஸின் மேற்குக் கோடி, பாலைவனம், ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். பெரிய இசை நிறுவனம் எதுவும் எட்டிப் பார்க்காத ஊர். அங்கே பதினேழு பதினெட்டு வயதில் நீங்களும் பாடகர் செட்ரிக் பிக்ஸ்லர்-சவாலாவும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்தக் குழு. பாய்சன் என்ற ராக் குழுவின் ஒரு பாட்டு வரியிலிருந்து குழுவுக்குப் பெயர் எடுத்தது நீங்கள். 1994-லேயே முதல் சிறு ரெக்கார்டு வந்துவிட்டது. அப்புறம் ஒரு வேன், மாநிலம் மாநிலமாகச் சாலை, யாருடைய வீட்டுத் தரையிலாவது தூக்கம். 1996-ல் முதல் ஆல்பமான அக்ரோபாடிக் டெனமென்ட்டைப் பதிவு செய்ய ஆன மொத்தச் செலவு 600 டாலர் என்று படித்தபோது திரும்பப் போட்டுக் கேட்டேன். கிட்டார்களில் இரைச்சல் பூச்சே இல்லை, கம்பி கம்பியாகத் துல்லியமாகக் கேட்கும். பலருக்கு அந்த ஆல்பம் மெலிந்து தெரிகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும், எலும்பு தெரிகிற ஆல்பம்.

அதில் ஒமார் ரொட்ரிகெஸ்-லோபெஸ் பேஸ் வாசிக்கிறார் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. பிற்பாடு கிட்டாரைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட ஆள் முதலில் நான்கு கம்பியோடு ஓரமாகத்தான் நின்றிருக்கிறார். அந்த ஆல்பம் முடிந்ததும் குழுவே கலைந்து மறுபடி அடுக்கப்பட்டது. டிரம்ஸ் வாசித்த ரையன் சாயரும், கூடுதல் கிட்டார் வாசித்த ஜாரெட் ரென்னும் போனார்கள். லெபனானில் பிறந்து எல் பாஸோவில் வளர்ந்த டோனி ஹஜ்ஜார் டிரம்ஸுக்கு வந்தார், பால் ஹினோஹோஸ் பேஸை எடுத்துக்கொள்ள ஒமார் கிட்டாருக்கு நகர்ந்தார். இதற்கு நடுவே நீங்களும் போய்விட்டீர்கள்! 1997-ல் வந்த எல் கிரான் ஓர்கோ என்ற சிறு ஆல்பத்தில் நீங்கள் கிடையாது, உங்கள் இடத்தில் வேறொருவர் கிட்டார் வாசிக்கிறார். குழுவை ஆரம்பித்தவர் இல்லாமலேயே குழு ஓடியிருக்கிறது. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, கடைசியில் வருகிறேன்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள், 1998-ல் இன்/கேசினோ/அவுட் வந்தது. தயாரிப்பாளர் அலெக்ஸ் நியூபோர்ட் ஐந்து பேரையும் ஒரே அறையில் நிறுத்தி மேடையில் வாசிப்பது போலவே சேர்ந்து வாசிக்கவைத்துப் பதிந்த ஆல்பம். நண்பர்களிடம் கொடுக்க ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் இதைத்தான் கொடுப்பேன், ரிலேஷன்ஷிப்பைக்கூட அப்புறம்தான். ஒரே அறையின் வியர்வை அதில் கேட்கிறது. டோனி ஒரு அடியைக் கொஞ்சம் முந்தி அடித்துவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்து முந்துகிறார்கள், யாரும் யாரையும் விட்டுவிடுவதில்லை. 1999-ல் வாயா, ஏழே பாட்டு, அதுவும் நல்ல சரக்கு.

சரி, செட்ரிக்குக்குப் பின்னால் ஒலிக்கும் உங்கள் குரலுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் வில்லுப்பாட்டு என்று ஒன்று உண்டு. நடுவில் ஒருவர் கதையைப் பாடிக்கொண்டே போவார், பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" போட்டு, கடைசி வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பேச்சு வழக்கில் பின்பாட்டுப் பாடுகிறவன் என்றால் மட்டம், இன்னொருத்தனுக்குத் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். ஆனால் வில்லடிக்கு முன்னால் இரவு முழுக்க உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், பின்பாட்டு சரியில்லை என்றால் முன்னால் பாடுகிறவர் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடுவார். அவர் எங்கே தாவினாலும் வந்து இறங்க ஒரு தரை வேண்டுமே. செட்ரிக்கின் வரிகள் நேராக அர்த்தம் சொல்பவை அல்ல. அவர் வார்த்தைகளை வாரி இறைத்துக்கொண்டு போவார், குரல் உடையும், வரி பாதியில் அறுந்து தொங்கும். அந்த நுனியைப் பிடித்து நீங்கள் உங்கள் தடித்த குரலில் ஒரு கத்து கத்துவீர்கள், பாட்டு தரையில் கால் பதிக்கும். 2000-ல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியில் வாசித்தீர்களே, அந்த வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். செட்ரிக் அந்த இடத்தையே துவம்சம் செய்கிறார், ஒமார் கால் தரையில் நிற்பதில்லை, கிட்டார் சுருதியை விட்டு எங்கோ போய்விட்டது. நீங்கள் மைக்கை விட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் என் கண் அந்த இருவர் மேல்தான் இருக்கும். இப்போது உங்களைத்தான் பார்க்கிறேன்.

ரிலேஷன்ஷிப்பை ராஸ் ராபின்சன் தயாரித்ததும், ஆண்டி வாலஸ் ஒலிக்கலவை செய்ததும், ராக் பாடகர் இக்கி பாப் வந்து குரல் கொடுத்ததும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். கலவை மிகவும் வழவழப்பாகிவிட்டது என்று ஒமார் பின்னால் குறைப்பட்டார். என்னைக் கேட்டால், அந்த வழவழப்பையும் மீறி அது உறுமுகிறது. அதில் ஹுவாரெஸில் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. எல்லைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல் போய்ப் பாலைவனத்தில் பிணமாகக் கிடைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நீங்கள் வளர்ந்த ஊர். அதில் பியானோ மெல்ல நடக்கும், செட்ரிக் பாதி பேசுவார் பாதி பாடுவார், அப்புறம் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். அந்தப் பாட்டின் அர்த்தம் தெரியாமலேயே பல மாதம் கேட்டேன். தெரிந்த பிறகு வேறு வேலை செய்துகொண்டே அதைக் கேட்க முடிந்ததில்லை.

புகழ் வந்த வேகத்திலேயே உடைந்துவிட்டது. ஓயாத பயணம், வேன் கவிழ்ந்த விபத்து, உடம்பும் மனசும் களைத்த ஐந்து பேர். 2001 ஜனவரி 26, சிட்னி பிக் டே அவுட் விழாவில் கூட்டம் ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டும் அடங்காததால் மூன்று பாட்டோடு மேடையை விட்டு இறங்கினீர்கள். அப்போது உங்கள் குழுவைத் திமிர் பிடித்தவர்கள் என்றார்கள். அதே நாள், அதே விழாவில், லிம்ப் பிஸ்கிட் குழு வாசித்தபோது நெரிசலில் சிக்கிய ஒரு பதின்வயதுப் பெண் சில நாளில் இறந்துபோனாள். இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் பாட்டை நிறுத்திவிடுகிறேன். அடுத்த மாதமே ஐரோப்பியப் பயணம் பாதியில் நின்றது, மார்ச்சில் காலவரையற்ற ஓய்வு என்றார்கள், அது முறிவுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழு இரண்டாகப் பிரிந்தது: ஒமாரும் செட்ரிக்கும் த மார்ஸ் வோல்ட்டா, நீங்கள், டோனி, பால் மூவரும் ஸ்பார்ட்டா. உங்கள் ஒன்றுவிட்ட சகோதரர் ஜெரமி மார்ஸ் வோல்ட்டா பக்கம் இருந்தார், 2003 மே மாதம், அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே, இறந்துபோனார். குழு உடைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், குடும்பத்துக்குள்ளேயே விழுந்த அந்த இடியை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. 2005-ல் பால் ஸ்பார்ட்டாவை விட்டு மார்ஸ் வோல்ட்டாவுக்குப் போனார். அவர் இடத்துக்கு கீலி டேவிஸ் வந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் 2016-ல் அட் த டிரைவ்-இன்னில் உங்கள் இடத்தில் நின்றதும் இதே கீலிதான்.

2012-ல் ஐந்து பேரும் மறுபடி ஒரே மேடையில் நின்றீர்கள், கோச்செல்லா இசை விழாவில். அந்த வீடியோவைப் பார்த்து ஒமார் அசையாமல் நிற்கிறார், மனசில்லாமல் வாசிக்கிறார் என்று பலர் திட்டினார்கள். அம்மாவைப் பறிகொடுத்து அதிக நாள் ஆகாத மனிதர் அவர். வெளியிலிருந்து பார்த்து ஒருவர் ஏன் இப்படி நிற்கிறார், ஏன் போகிறார் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது. உங்கள் விஷயத்திலும் அதையேதான் செய்தேன்.

2017 மே மாதம் இன்டர் ஏலியா வந்தது, பதினேழு வருடம் கழித்து முதல் முழு ஆல்பம், அதில் நீங்கள் இல்லை. மோசமான ஆல்பம் இல்லை, வேகம் இருக்கிறது, ஒமாரின் கிட்டார் இன்னும் கடிக்கிறது. கீலியைக் குறை சொல்லவும் மாட்டேன், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். ஆனால் இரண்டாவது பாட்டிலேயே கை தானாக ஹெட்போனின் வயரைத் தொட்டுப் பார்த்தது, ஒரு பக்கம் போய்விட்டதோ என்று. வயர் நன்றாகத்தான் இருந்தது. 2003-ன் அந்தச் செத்த காதுதான் திரும்ப வந்திருந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் அந்தக் குழுவில் எவ்வளவு இருந்தீர்கள் என்று எனக்கு உறைத்தது. இத்தனையும் கொடுத்த ஒருவருக்கு எழுந்து போகும் உரிமை இல்லையா? 2018-ல் குழு மறுபடி ஓய்வுக்குப் போனது. நீங்கள் எல் பாஸோவிலேயே இருந்து ஸ்பார்ட்டாவை உயிர்ப்பித்து 2020-லும் 2022-லும் ஆல்பம் போட்டீர்கள். பந்தியிலிருந்து எழுந்து போனவர் சொந்த ஊரில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. 2001, 2016 இரண்டையும் பற்றி உங்களிடம் ஏன், என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் தொடங்கிய குழு 1997-ல் நீங்கள் இல்லாமலே ரெக்கார்டு போட்டுவிட்டது, உங்கள் இடத்தில் ஆள் நின்றாயிற்று, யாரும் கையைப் பிடித்து இழுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டிருந்தால் கல்லூரி, வேலை, எல் பாஸோ என்று இருந்திருப்பீர்கள், விடுதி இழுப்பறையில் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. பிறகும் அந்த வேனில் ஏறினீர்கள்.

அன்றைக்கு ஏன் திரும்பி வந்தீர்கள்?

அன்புடன்,
செத்த காது ஹெட்போன்காரன்