லைப்சிக்கிலிருந்து பொறையாறுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையால் நானும் அவரும் நல்ல சுகம். நீங்களும் தம்பியும் பெரியத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. போனில் எப்போதும் அம்மாதான் பேசுகிறாள். நீங்கள் பின்னால் நின்று "சாப்பிட்டாளான்னு கேளு" என்பதோடு சரி. கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மாடி ஏறப் பொறுமையில்லாமல் கீழ்ப் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். "ஊர் ஊராகப் போகிறீர்களாமே, விவரமாக எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். சித்தப்பா வந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அவருக்கு ஆபீசில் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆர்டர் குறைந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் நேரத்தைக் குறைப்பது இந்த நாட்டில் வழக்கம்தான். குறைகிற சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஈடுகட்டும். கவலைப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமையும் வீட்டில் இருக்கிறார், அதனால்தான் இவ்வளவு சுற்ற முடிகிறது. ஆளுக்கு மாசம் 63 யூரோவுக்கு ஒரு டிக்கெட், ஜெர்மனி முழுக்க எந்தப் பாசஞ்சர் ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் ஏறலாம். எக்ஸ்பிரஸில் மட்டும் கூடாது. பாசஞ்சர்தான் நல்லது, ஊர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொள்வோம். வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்ட புல்ஸ்னிட்ஸுக்குப் போய் வந்தோம். நம் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1682இல் பிறந்த ஊர். டிரெஸ்டனில் இறங்கி இன்னொரு சின்ன ரயில். சின்ன ஊர்தான், ஆனால் மிளகு ரொட்டிக்குப் பேர் போனது. 1558இலேயே அங்குள்ள ரொட்டிக்காரர்களுக்கு அதைச் சுட உரிமை கொடுத்திருக்கிறார்கள். மாவில் தேனோ சர்க்கரைப் பாகோ விட்டுப் பிசைந்து வாரக்கணக்கில் அப்படியே போட்டுவைக்கிறார்கள். வெண்ணெய், எண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை. சுடுவதற்கு முன்னால் பட்டை, கிராம்பு, ஏலம் போடுகிறார்கள். கடைக் கதவைத் திறந்ததும், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா மசாலா இடிக்கும்போது வீடு எப்படி மணக்குமோ அப்படி மணந்தது. சின்ன வயசிலேயே தாய் தகப்பனை இழந்த ஒரு பையன் இந்தத் தெருவிலிருந்து கிளம்பி, 24 வயசு வாக்கில், 1706 ஜூலையில் நம் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார் என்று நினைத்தபோது மனசு நிறைந்துவிட்டது. அவர் திரும்பி வந்து இங்கே அடங்கவில்லை, நம் புதிய எருசலேம் கோவிலில்தான் கிடக்கிறார். 36 வயசு. அது இன்று என் வயசுக்கு மிகப் பக்கம் அப்பா.

ஹாலே நகரம் இங்கிருந்து அரைமணி நேரம். நம் தமிழுக்கு அச்செழுத்து வார்த்து தரங்கம்பாடிக்குக் கப்பலில் அனுப்பிய பிராங்கே ஐயரின் அனாதை விடுதி அங்கேதான் இருக்கிறது. அதன் மச்சில், ஐயர்மார் அனுப்பிவைத்த சாமான்களை அலமாரி அலமாரியாக வைத்திருக்கிறார்கள். விட்டத்தில் ஒரு முதலை தொங்குகிறது. ஒரு அலமாரியில் ஓலைச்சுவடி. மெய்க்குப் புள்ளி வைக்காத பழைய எழுத்து. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரி படிக்கப் பார்த்தேன், நாலைந்து எழுத்துதான் பிடிபட்டது. நம் பக்கத்து ஆள் யாரோ மடியில் வைத்துக் கீறியிருப்பார். "போகலாமா" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு நகர மனசு வரவில்லை.

பிராகாவுக்கும் போனோம். 1410ஆம் வருஷத்துக் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. மணிக்கு மணி ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாகப் போக, ஒரு எலும்புக்கூடு மணியடிக்கிறது. படம் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கோபன்ஹேகனுக்கு பெர்லினிலிருந்து ராத்திரி பஸ். ரோஸ்டாக் துறைமுகத்தில் பஸ்ஸே கப்பலுக்குள் ஏறிவிட்டது. கடலைக் கடக்க இரண்டு மணி நேரம். டேனிஷ் ஆசியக் கம்பெனியின் பேரைத் தாங்கிய சதுக்கம் ஒன்று கால்வாயோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. 1620இல் அந்த ஒப்பந்தம் நடந்திராவிட்டால் நம் கடற்கரையில் கோட்டை ஏது. ஒரே பகலில் நடந்தே எல்லாம் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே திரும்பினோம். தங்க வேண்டியிருக்கவில்லை.

மேல்மாடிப் பாட்டியைப் பற்றி அம்மா கேட்டாள். ரொம்பக் கண்டிப்பு. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் இறங்கி வந்துவிடுவார். படிக்கட்டுத் துடைக்கிற முறை யாருக்கோ அவர்கள் கதவுப் பிடியில் ஒரு சின்ன அட்டை தொங்கும். நான் துடைத்து முடித்த பிறகு அவர் விரலால் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார். ஆனால் ஊருக்குப் போகிறோம் என்றால் பெரிய ஃபிளாஸ்க்கைத் தானே கொண்டுவந்து கொடுப்பார். அவர் வாலிபத்தில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து பிராகா, ஹங்கேரி மாதிரி கிழக்குப் பக்கத்து நாடுகளுக்குத்தான் போக முடியுமாம், மேற்கே பக்கத்து ஊருக்குக்கூட விடமாட்டார்கள். 1989 அக்டோபர் 9ஆம் தேதி நிக்கோலாய் கோவிலில் ஜெபம் முடிந்து எழுபதாயிரம் பேர் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தபோது அவரும் மெழுகுவர்த்தியோடு நடந்தார். அடுத்த மாசம் பெர்லின் சுவர் திறந்தது. "கால் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் முழங்கால் இப்போது படி இறங்கவே யோசிக்கிறது.

குளிர் இந்த வருஷம் அதிகம். மாவு பொங்குவதே இல்லை. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஓவனுக்குள் விளக்கைப் போட்டுவைத்தால் மறுநாள் சாயங்காலம் கொஞ்சம் எழும்பும். ஹீட்டரை ஒரே அறையில்தான் போடுகிறோம், எல்லா அறையிலும் போட்டால் தோல் வறண்டுபோகிறது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, சங்கீத மேதை பாக் அடக்கமாயிருக்கிற தோமா கோவிலுக்குப் போனோம். பிரசங்கம் பாதி புரியவில்லை. திடீரென்று ஆர்கனில் ஒரு ராகம் எடுத்தார்கள். நம் கோவிலில் கிறிஸ்துமஸ் விடியற்காலை நாலு மணிக்குப் பாடுகிற, லுத்தர் ஐயருடைய அதே ராகம். சுற்றிலும் ஜெர்மனில் பாடுகிறார்கள், என் வாயில் தமிழ்தான் வந்தது. இரண்டாவது அடியில் அம்மா குரல் இறங்குகிற இடம் வந்ததும் என்னால் பாட முடியவில்லை. கோயில்பிள்ளை தாத்தா விளக்கைத் தூண்டிவிடுவதும், ஈர மணலில் செருப்பில்லாமல் ஓடிவருவதும், நீங்கள் வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் நிற்பதும் எல்லாம் கண்முன் வந்துவிட்டது. அழுதேன் அப்பா. இத்தனை ஊர் பார்த்தும் மனசு எங்கேயும் உட்காரமாட்டேன் என்கிறது. அம்மாவிடம் இந்த இடத்தை மட்டும் வாசிக்காதீர்கள்.

அம்மா கண்ணைத் தள்ளிப்போட வேண்டாம். பாண்டிச்சேரி அரவிந்திலேயே காட்டுங்கள், தம்பி லீவு போட்டுக் கூட்டிப் போகட்டும். நான் அனுப்புவதாகச் சொன்ன பணம் மார்ச்சில்தான் வரும். அதுவரை பெரியத்தையிடம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் அவளிடம் பேசிவிட்டேன். அம்மா கேட்ட இன்னொரு விஷயத்துக்கு டாக்டரைப் பார்த்த பிறகு பதில் சொல்கிறேன்.

தம்பிக்குப் பார்த்த காரைக்கால் சம்பந்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெண் டீச்சர் என்பதே போதும். நகை பற்றி நாம் வாயைத் திறக்கவே கூடாது என்று சித்தியிடம் சொல்லிவையுங்கள்.

என் பேரில் இருக்கிற பின்மனையைப் பெரியப்பா மகன் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிடுங்கள். பாதி தம்பி கல்யாணத்துக்கு, மீதியை என் கணக்கில் போடுங்கள், இங்கே ஒரு செலவு இருக்கிறது. உங்கள் பேருக்குப் பவர் எழுதி பெர்லின் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கிடைத்த மூன்று மாசத்துக்குள் மாவட்டப் பதிவாளர் ஆபீசில் காட்டி முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், கவர் வந்த தேதியைக் குறித்துவையுங்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கிணற்றுக்குப் போகிற நடைபாதை நம் வீட்டோடு சேர்ந்தது என்பதைப் பத்திரத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள். பெரியப்பா இருக்கும்போதே எழுதிவிடுவதுதான் நல்லது.

அன்பு மகள்