மூன்று ஞாயிறு

அன்புள்ள பிள்ளைக்கு,

மூன்று ஞாயிறாக உன்னுடைய கோல் வரவில்லை. வேலை இருக்கும், தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

இங்கே பெரிய புதினம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை. போன கிழமை காலி வீதியில் வளர்ப்பு மீன் விற்கிற கடையில் உன் மீனின் உறவுக்காரன் ஒன்றைக் கண்டேன். கறுப்புக் கத்திமீன், வாலில் இரண்டு வெள்ளை வளையம். பிளாஸ்டிக் குழாய்க்குள் கிடந்தது. வயிற்றின் கீழுள்ள நீளச் செட்டை அலை மாதிரி நெளிய, உடம்பைத் திருப்பாமலே பின்பக்கமாக வெளியே வந்தது. முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். கடைக்காரர் கேட்காமலே, என் மகள் இதன் மூளையைத்தான் படிக்கிறாள் என்றேன்.

நீ அனுப்பிய கட்டுரையை மூன்று தடவை வாசித்தேன். விளங்கியதை எழுதுகிறேன், பிழையென்றால் சொல்லு. உன் மீன் ஐகன்மானியா விநாடிக்கு 400 தடவை போல மெல்லிய மின்சாரம் விட்டுக்கொண்டே இருக்கும். அதில் ஏற்படும் மாற்றத்தைத் தோலால் உணர்ந்து இருட்டிலும் வழி அறியும். ஏறக்குறைய அதே வேகத்தில் இன்னொரு மீன் வந்தால் இரண்டுக்கும் எல்லாம் குழம்பிவிடும். உடனே குறைவாக விடுவது இன்னும் குறைக்கும், கூட விடுவது இன்னும் கூட்டும். 1963இல் வத்தனபே, தக்கெடா என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டது. தோலிலிருந்து மூளை வரை அதன் பாதையைத் தேடிப் போனவர் ஹைலிகன்பெர்க்.

தன் வேகம் கூடவா குறைவா என்று மீன் தன்னிடமே கேட்பதில்லையாம். உடம்பின் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மின்சாரமும் வெவ்வேறு அளவில் கலக்கும். ஒருவகை நரம்பு நேரத்தைக் கொண்டுபோகும், மற்றது பலத்தை. இரண்டும் நடுமூளையில் சந்தித்து ஒப்பிட்ட பிறகுதான் விடை. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நீயும் நானும் ஒரே சுருதியில் கத்துகிறவர்கள் என்று அம்மா சொல்லுவாள். நான் ஒரு நாளும் என் சுருதியை மாற்றியதில்லை.

உன் ஆய்வுக்கூடக் கடிதம் தபாலில் பிந்தியது என்று சொன்னேனே, அது பொய் பிள்ளை. பதினொரு நாள் என் அலுமாரியில், காணி உறுதிக்குக் கீழே இருந்தது. நீ போகாமல் விட்டால் நல்லது என்று நினைத்தேன். கடைசி நாள் நீ கையெழுத்துகளுக்காக ஓடித் திரிந்ததைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு மாமா வீட்டில், நானே அனுப்பி வைத்தேன் என்று பெருமையும் பேசினேன்.

மார்கழியில் நடந்ததைப் பற்றிக் கேட்கமாட்டேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போன் என் கையில்தான் இருக்கும். எடுத்தால், நீ சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

கோப்பிக்கு முன்னால் ஒரு துண்டு பாணாவது சாப்பிடு.

அப்பா
வெள்ளவத்தை