சன்னலை மறைக்கும் புதர்கள் பற்றித் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சன்னலை மறைத்து நிற்கும் பழைய புதர்களை அடியோடு எடுத்துவிட்டுப் புதுச்செடிகள் வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். மண்வெட்டியை எடுப்பதற்கு முன், ஒவ்வொன்றின் தண்டையும் நகத்தால் கீறிப் பார். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது.

செம்பருத்தியும் விருட்சியும் எவ்வளவு முற்றியிருந்தாலும், வேர் நலமாக இருந்தால், தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டினாலும் துளிர்த்துவிடும். ஒரேயடியாக வெட்ட மனம் வராவிட்டால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு முதிர்ந்த கிளைகளைக் கழித்து, 3 ஆண்டுகளில் செடியையே புதுப்பித்துவிடலாம். ஊசியிலை வகையான துஜா அப்படியல்ல; இலையில்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டினால் அந்த இடம் மொட்டையாகவே நின்றுவிடும் என்பதால், அதை எடுத்துவிடுவதே சரி. கிளைகளுக்குள் பறவைக் கூடு இருந்தால் மட்டும், குஞ்சுகள் பறக்கும்வரை பொறுத்துக்கொள்.

எடுப்பதில் பலரும் செய்யும் தவறு, முதலிலேயே தரைமட்டமாக அறுத்துவிடுவது. நானும் அப்படிச் செய்து, பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு கட்டையோடு ஒரு நாள் முழுக்க மல்லாடியிருக்கிறேன். கிளைகளை மட்டும் கழித்துவிட்டுத் தண்டை 3 அடி உயரத்துக்கு விட்டு வைத்தால், அதுவே உனக்கு நெம்புகோல். முந்தைய நாள் மண் ஊறத் தண்ணீர் விட்டு, குழாயோ மின்கம்பியோ புதைந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றிலும் பள்ளம் பறித்து, எதிர்ப்படும் பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வா. பிறகு தண்டைப் பிடித்து ஆட்டினால், எந்தப் பக்கம் இன்னும் வேர் பிடித்திருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். அங்கே கடப்பாரையைக் கொடு. அரளியை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள். வெட்டியதை எரிக்காதே, அதன் புகையும் நஞ்சு.

புதுச்செடிக்கான குழி, செடியின் வேரோடு ஒட்டி வரும் வேர்மண்ணைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கலாம். ஆழம் மட்டும் அந்த வேர்மண்ணின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மண் இறங்கும்போது செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், புதைந்து அழுகும். தொட்டியில் சுருண்டு வளர்ந்த வேர்களைப் பிரித்துவிட்டு நடு. ரோஜா இருந்த இடத்தில் மண்ணை மாற்றாமல் மறுபடியும் ரோஜா வைக்காதே, பெரும்பாலும் தேறாது. மண்ணின் மேல் பரப்பும் சருகு மூடாக்கு 2 அங்குலம் போதும், தண்டைத் தொடாமல்.

இவை எல்லாவற்றையும்விட இடைவெளிதான் முக்கியம். 6 அடி அகலத்துக்குப் பரவக்கூடிய செடியைச் சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளி வை. அடுத்த செடிக்கு 6 அடி விடு. முதல் ஆண்டு அந்த இடம் வெறிச்சென்று இருக்கும், பார்ப்பவர்களெல்லாம் நடுவில் இன்னும் இரண்டு வைக்கலாமே என்பார்கள். காசித்தும்பையை விதைத்துச் சமாளித்துக்கொள். நீ இப்போது வெட்டப் போகும் புதர்கள் சன்னலில் ஏறியதற்குக் காரணம், அவற்றை 2 அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டதுதான். நட்டவன் நான்.

அன்புடன்,
அண்ணன்