பட்டியலில் விடுபட்ட டினா புரூக்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர்களைப் பற்றிய கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன், சானி ராலின்ஸ் என்று வரவேண்டிய பெயர்கள் வந்திருந்தன. டினா புரூக்ஸைக் காணோம். கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதிரிப் பட்டியல்களில் அவருக்கு இடம் கிடைப்பது அபூர்வம். (பெயரைப் பார்த்துப் பெண் என்று எண்ணிவிடாதீர்கள். சிறுவயதில் ஆள் பொடியனாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் அது. இயற்பெயர் ஹெரால்ட் ஃப்ளாய்ட் புரூக்ஸ்.)

ட்ரம்பெட்டுக்காகவே ஃப்ரெடி ஹப்பர்டின் 'ஓபன் செசமி' ஆல்பத்தைக் கேட்க உட்கார்ந்தவன் நான். கேட்டு முடித்ததும், கூட டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் யார் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். அந்தத் தலைப்பு உருப்படியை எழுதியவரும் புரூக்ஸ்தான். அப்படித் தேடிப் போய்ச் சேர்ந்த இடம்தான் புரூக்ஸின் சொந்த ஆல்பமான 'ட்ரூ ப்ளூ'.

ஹப்பர்டின் ஆல்பம் பதிவாகி ஆறே நாளில், 1960 ஜூன் 25 அன்று, அதே ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காக இது பதிவானது. இதிலும் ட்ரம்பெட் ஹப்பர்ட்தான். அப்போது அவருக்கு வயது 22. பியானோ ட்யூக் ஜோர்டன், பேஸ் சாம் ஜோன்ஸ், ட்ரம்ஸ் ஆர்ட் டெய்லர். ஆறு உருப்படிகளில் ஐந்து புரூக்ஸின் சொந்தச் சரக்கு.

முதல் உருப்படியான 'குட் ஓல்ட் சோல்' ஒன்றே போதும், ஆளை அடையாளம் கண்டுகொள்ள. ஹப்பர்டின் வாசிப்பு பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். புரூக்ஸோ குரலை உயர்த்துவதே இல்லை. ஒரு வரி முடியப்போகிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் முடிக்காமல், அதன் நுனியைப் பிடித்து அடுத்த வரியோடு கோத்துக்கொண்டு போவார்; எங்கே மூச்சு வாங்கினார் என்று தேட வேண்டியிருக்கும். அந்த நாதத்தில் மெல்லிய ஏக்கம் ஒன்று உண்டு. ஆனால் தாளத்தின் துள்ளல் அதை அழுகையாக விடாது. லத்தீன் சாயலில் தொடங்கும் 'தீம் ஃபார் டோரிஸ்' எனக்கு இன்னும் பிடித்தது. கடைசி உருப்படி மற்றவற்றின் தரத்துக்குச் சற்றுக் கீழேதான்.

இவ்வளவு நன்றாக வாசித்தவர் ஏன் மறக்கப்பட்டார்? 1958 முதல் 1961 வரை ப்ளூ நோட்டுக்காகத் தன் தலைமையில் நான்கு ஆல்பங்கள் பதிவு செய்தார். அவர் உயிரோடு இருந்தவரை வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' மட்டும். 1961க்குப் பிறகு பதிவே இல்லை. போதைப் பழக்கம் உடம்பைத் தின்றது. 1974இல், 42 வயதில் போய்ச் சேர்ந்தார். 1985இல் மொசைக் நிறுவனம் நான்கையும் ஒரே பெட்டியாக வெளியிட்ட பிறகே பலருக்கும் இவரைத் தெரிந்தது.

இந்தச் சோகத்தை முதலில் சொல்லிவிட்டு ஆல்பத்தை நீட்டுகிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பரிதாபப்பட்டுக் கேட்க வேண்டிய இசையா இது? 28 வயதுக்காரர் ஒருவர் தன் முழுத் திறமையோடு, உற்சாகமாக வாசித்திருக்கிறார்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ட்ரூ ப்ளூ' பிடித்துப்போனவர்கள் அதோடு நிற்காமல் 'பேக் டு த ட்ராக்ஸ்' கேட்கலாம். அதில் 'ஸ்ட்ரீட் சிங்கர்' என்ற உருப்படியில் ஜாக்கி மெக்லீனின் ஆல்டோ சாக்ஸபோனும் சேர்ந்துகொள்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்